குற்றம் செய்த கையும் நோயுற்ற மனமும்

'மனநிலை பாதிக்கப்பட்டவர் தாக்கியதில் உறவினர் பலி' என்பது போன்ற செய்தி, ஆண்டுக்குச் சில முறையாவது நாளிதழின் உட்பக்கத்தில் வருவதை வாசகர்கள் கண்டிருக்கலாம். செய்தி பெரும்பாலும் பத்து வரிகளில் முடிந்துவிடும். அன்று காலை திண்டுக்கல் பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடையில் அதைப் பற்றி இரண்டு கருத்துகள் காதில் விழும். ஒருவர், "இந்த மாதிரி ஆளுகளை எல்லாம் வெளியே விடலாமா? எந்நேரம் என்ன செய்வாங்கன்னு யாருக்குத் தெரியும்!" என்பார். மற்றவர், "பைத்தியம்னு ஒரு சீட்டு வாங்கிக் கொடுத்தாப் போதும்ணே, கேஸே நிக்காது, வெளியே வந்துருவான்" என்பார்.

இவ்விரு கருத்துகளும் தவறானவை. மனநோயாளர் எல்லாரும் ஆபத்தானவர்கள் என்பதற்கு விஞ்ஞானத்தில் ஆதாரம் இல்லை. மனநோயைக் காட்டிக் குற்றவாளி எளிதில் தப்பிவிடுகிறான் என்பதற்குச் சட்ட வரலாற்றில் ஆதாரம் இல்லை. ஆனால் அந்தப் பத்து வரிச் செய்தியில் சொல்லப்படாத ஒன்று உண்டு. அது, அந்தத் துயரம் நடப்பதற்கு முந்தைய சில மாதங்களின் கதை. நோயின் முதல் அறிகுறிக்கும் முதல் மாத்திரைக்கும் இடையே கழியும் அந்தக் காலம்தான் இப்பிரச்சினையின் மையம். ஏன் என்று பார்ப்போம்.

எந்த நோய்?

மனநோய் என்ற சொல்லைக் கவலை, சோர்வு முதல் பல நோய்களுக்கும் பொதுவாகப் பயன்படுத்துகிறோம். நாம் இங்கே பேசுவது, உண்மை உலகத்தோடு மனத்துக்கு உள்ள தொடர்பு அறுந்துபோகும் கடும் மனநோய்களைப் பற்றி. மனச்சிதைவு நோய் இவற்றில் முதன்மையானது. இந்நோய்களுக்கு இரண்டு முக்கிய அறிகுறிகள் உண்டு. ஒன்று, யாரும் பேசாதபோது பேச்சுக் கேட்பது. இதை மாயக்குரல் என்போம். மற்றொன்று, எவ்வளவு சான்று காட்டினாலும் அசையாத பொய்யான உறுதி. 'என் சோற்றில் விஷம் வைக்கிறார்கள்', 'போலீசார் என்னைத் தொடர்கிறார்கள்' என்பன போன்ற இவ்வுறுதியைப் பிறழ்நம்பிக்கை என்போம்.

பெங்களூரில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனம் 2015-16-இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் ஒரு பெரிய கணக்கெடுப்பு நடத்தியது. வயது வந்தவர்களில் 100-க்கு 1.4 பேர் வாழ்நாளில் ஏதேனும் ஒரு கட்டத்தில் இத்தகைய கடும் நோய்க்கு ஆளாகின்றனர் என்று அது கண்டது. அதாவது சுமார் எழுபது பேருக்கு ஒருவர். நம் ஊரில் எந்தத் தெருவை எடுத்துக் கொண்டாலும் அங்கே ஒருவராவது இருப்பார் என்று பொருள். இவர்கள் எல்லாரும் ஆபத்தானவர்களாக இருந்தால் நாம் தெருவில் நடமாடவே முடியாது! அதே கணக்கெடுப்பு மற்றோர் உண்மையையும் சொல்லிற்று: இந்நோயாளர்களில் நான்கில் மூன்று பேர் சிகிச்சை பெறாமல் இருந்தனர்.

தன் குரல் அந்நியக் குரலாவது எப்படி?

மாயக்குரல் என்பது நோயாளி கட்டிவிடும் பொய் அன்று. அவர் அதை உண்மையிலேயே கேட்கிறார். இதைப் புரிந்துகொள்ள ஓர் எளிய சோதனை செய்து பார்க்கலாம். ஒரு கண்ணை மூடிக் கொள்ளுங்கள். திறந்த கண்ணின் வெளி ஓரத்தில், இமையின் மீது விரல் நுனியால் மிக மெல்லத் தொட்டு அசையுங்கள். எதிரே உள்ள சுவர் ஆடுவது போல் தோன்றும். இப்போது விரலை எடுத்துவிட்டு, கண்ணை மட்டும் இடமும் வலமும் உருட்டுங்கள். சுவர் அசையாமல் நிற்கும்.

இரண்டு சோதனைகளிலும் விழித்திரையில் பிம்பம் நகர்கிறது. பின் ஏன் இந்த வேறுபாடு? சென்ற நூற்றாண்டுக்கும் முந்தைய நூற்றாண்டில் வாழ்ந்த ஜெர்மானிய இயற்பியல் அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இக்கேள்விக்கு விடை தேடினார். மூளை தானே கண்ணுக்குக் கட்டளையிடும்போது, 'இப்போது வரும் அசைவு என்னால் உண்டானது' என்று தனக்குள் குறித்துக் கொள்கிறது. அந்த அசைவைக் கணக்கில் கழித்துவிடுகிறது. விரலால் தள்ளும்போது அப்படிக் கட்டளை இல்லை; எனவே உலகமே அசைவதாக மூளை முடிவு செய்கிறது. நம்மை நாமே கிச்சுக்கிச்சு மூட்டிக் கொள்ள முடியாததற்கும் இதுவே காரணம்.

நாம் எல்லாரும் மனத்துக்குள் ஓயாமல் பேசிக் கொண்டிருக்கிறோம். அது நம் பேச்சே என்று மூளை குறித்துக் கொள்வதால் நமக்குக் குழப்பம் இல்லை. இந்தக் குறிப்பு விடுபட்டுப் போனால் என்ன ஆகும்? சொந்த எண்ணமே வேறொருவர் பேசுவது போல் வந்து சேரும். மாயக்குரல் கேட்கும் நோயாளிகள், தாமே தம்மைத் தொடுவதையும் பிறர் தொடுவதையும் ஒரே அளவு கிச்சுக்கிச்சாக உணர்ந்தனர் என்று 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. மாயக்குரலின் தோற்றத்தை முழுமையாக இவ்விளக்கம் ஒன்றே தீர்த்துவிடுவதில்லை எனினும், அதற்கு வலுவான ஆதரவு இருக்கிறது.

மணி விளையாட்டும் ஒலிபெருக்கியும்

பிறழ்நம்பிக்கை எப்படி வேர் பிடிக்கிறது? இங்கே டோபமின் என்ற வேதிப்பொருள் வருகிறது. மூளையில் ஒரு நரம்பணுவிலிருந்து மற்றொன்றுக்குச் செய்தி கொண்டு செல்லும் பொருள்களில் இது ஒன்று. 'இது முக்கியம், கவனி' என்று சில நிகழ்ச்சிகளுக்கு முத்திரை குத்துவது இதன் வேலைகளில் ஒன்று. கடும் மனநோயில், மூளையின் ஒரு பகுதியில் டோபமின் அளவுக்கு மிஞ்சிச் சுரக்கிறது. அதனால் எதிர்வீட்டுக்காரர் இருமுவதும், பேருந்தின் எண்ணும், குப்பையில் கிடக்கும் தாளும் தமக்கென்றே அனுப்பப்பட்ட செய்திகளாக நோயாளிக்குத் தோன்றுகின்றன. தோன்றியதற்கு ஒரு விளக்கம் வேண்டுமல்லவா? அந்த விளக்கமே பிறழ்நம்பிக்கையாக உருவெடுக்கிறது.

இதோடு மற்றொரு பழக்கமும் சேருகிறது. உளவியலார் ஒரு சோதனை செய்வர். இரண்டு ஜாடிகள். ஒன்றில் 85 சிவப்பு மணிகளும் 15 பச்சை மணிகளும் உள்ளன. மற்றதில் 85 பச்சை, 15 சிவப்பு. மறைவாக ஒரு ஜாடியை எடுத்து, அதிலிருந்து ஒவ்வொரு மணியாகக் காட்டுவர். எந்த ஜாடி என்று உறுதியானதும் சொல்ல வேண்டும். பொதுவாக மக்கள் பல மணிகளைப் பார்த்த பிறகே சொல்கின்றனர். பிறழ்நம்பிக்கை உடையோரில் பலர் ஒன்றிரண்டு மணிகளிலேயே முடிவு கட்டிவிடுகின்றனர். கணக்கிட்டுப் பார்த்தால், ஒரே மணியைக் கொண்டு முடிவு செய்பவர் நூற்றுக்கு 15 முறை தவறுவார். தொடர்ந்து மூன்று சிவப்பு மணிகள் வந்த பின் சிவப்பு ஜாடி என்று சொல்பவர் தவறும் வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் குறைவு. இன்னும் இரண்டு மணிகளுக்குக் காத்திருக்கும் பொறுமையைத்தான் நோய் பறித்துவிடுகிறது.

இனி ஒலிபெருக்கிக்கு வருவோம். கோயில் திருவிழா மேடையில் ஒலிவாங்கியை ஒலிபெருக்கியின் எதிரே கொண்டுபோனால் 'கீ' என்று காதைத் துளைக்கும் ஊளைச் சத்தம் எழும். சிறிய ஓசை பெருக்கப்பட்டு வெளியே வருகிறது. அது மறுபடியும் ஒலிவாங்கிக்குள் புகுந்து இன்னும் பெருக்கப்படுகிறது. இதை நேர்ப் பின்னூட்டம் என்பர். நோயுற்ற மனத்திலும் குடும்பத்திலும் இதுவே நிகழ்கிறது. நோயாளி சந்தேகப்படுகிறார், உறக்கம் கெடுகிறது, உறக்கம் கெட்டதால் சந்தேகம் வளர்கிறது. வீட்டார் கவலைப்பட்டு அவருக்குத் தெரியாமல் தாழ்ந்த குரலில் பேசிக் கொள்கின்றனர். 'என்னைப் பற்றி ரகசியம் பேசுகிறார்கள்' என்ற அவரது சந்தேகத்துக்கு அதுவே சான்றாகிவிடுகிறது!

ஓர் எடுத்துக்காட்டு

வேடசந்தூர் வட்டாரத்து நூற்பாலை ஒன்றில் வேலை செய்யும் இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவரைக் கற்பனை செய்து கொள்வோம். இது எந்தத் தனி மனிதரின் கதையும் அன்று. மனநோய் மருத்துவர்கள் விவரிக்கும் பொதுப் போக்கை நம் ஊருக்கு ஏற்பச் சொல்வதே. முதலில் அவருக்கு இரவு உறக்கம் குறைகிறது. தனக்குத் தானே முணுமுணுக்கிறார். வேலைக்குப் போவதை நிறுத்துகிறார். ஒருநாள் தாயிடம், "மதினி சோத்துல என்னமோ கலக்குறாங்கம்மா" என்கிறார். தாய் பயந்து போய்க் கயிறு மந்திரித்துக் கட்டுகிறார். அண்ணன் கோபித்து அடிக்கிறார். உறவினர் ஒருவர், "கல்யாணம் பண்ணி வெச்சா எல்லாம் சரியாப் போகும்" என்கிறார். மருத்துவமனைக்குப் போனால் ஊருக்குத் தெரிந்துவிடும், தங்கைக்கு வரன் அமையாது என்று எல்லாரும் அஞ்சுகின்றனர். ஆறு மாதம் ஓடிவிடுகிறது. அண்ணன் வெட்டப்போகிறான் என்று குரல் எச்சரிக்கிறது. இளைஞர் அரிவாளை எடுத்துத் தலைமாட்டில் வைத்துக் கொண்டு படுக்கிறார்.

அந்த அரிவாள் அவரைப் பொறுத்தவரை தற்காப்புக்கு. கடும் மனநோயில் நிகழும் வன்முறையின் உளவியலில் இது முக்கியமான செய்தி. பேராசை, பழிவாங்கல், வன்மம் என்று நாம் வழக்கமாகக் குற்றத்துக்குச் சொல்லும் காரணங்களைவிட, அச்சம் இங்கே பெரிய பங்கு வகிக்கிறது. தம்மை யாரோ கொல்லப் பார்க்கிறார்கள் என்ற நம்பிக்கை, தம் மனத்தை வேறொரு சக்தி ஆட்டுவிக்கிறது என்ற உணர்வு, அதனால் மூளும் கோபம், 'அடி, வெட்டு' என்று கட்டளையிடும் குரல் ஆகியவை ஆபத்தைக் கூட்டும் அறிகுறிகள் என்று ஆய்வாளர் சுட்டுகின்றனர். யார் மீது சந்தேகம் எழுகிறது? அன்றாடம் அருகில் இருப்பவர் மீதுதான். ஆகவே பாதிக்கப்படுவோர் பெரும்பாலும் தாய், தந்தை, மனைவி, உடன்பிறந்தார்.

எண்கள் சொல்வது

பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2010-இல் வெளியான ஒரு கணக்கைக் காண்போம். நோயின் முதல் தாக்குதலில், சிகிச்சை தொடங்குவதற்கு முன்பு, சுமார் 629 நோயாளிகளுக்கு ஒருவர் கொலையில் ஈடுபடும் நிலை இருந்தது. சிகிச்சை தொடங்கிய பின்னர் இது ஆண்டுக்குச் சுமார் 9,090 பேருக்கு ஒருவர் என்று குறைந்தது. அதாவது ஏறத்தாழ 14-இல் ஒரு பங்காகிவிட்டது. கடும் மனநோயில் நடந்த கொலைகளில் நூற்றுக்குச் சுமார் 38, சிகிச்சையே தொடங்காத அந்த முதல் கட்டத்தில் நடந்தவை. அப்போதும் 629-இல் 628 பேர் யாரையும் கொல்லவில்லை என்பதையும் மறக்கலாகாது.

குடியும் போதையும் இந்தக் கணக்கை மாற்றிவிடுகின்றன. 18,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளை உள்ளடக்கிய ஆய்வுகளின் தொகுப்பு ஒன்று 2009-இல் வெளிவந்தது. போதைப் பழக்கம் இல்லாத மனச்சிதைவு நோயாளரிடம் வன்முறைக்கான வாய்ப்பு பொதுமக்களைப் போல் சுமார் 2 மடங்கு. போதைப் பழக்கமும் சேர்ந்திருந்தால் சுமார் 9 மடங்கு. மனநோயே இல்லாமல் போதைப் பழக்கம் மட்டும் உள்ளவரிடமும் ஏறக்குறைய இதே அளவு வாய்ப்புக் காணப்பட்டது! தேநீர்க் கடை நண்பர் அஞ்ச வேண்டியது தெருவோரம் தனியே பேசிச் செல்பவரைவிட, குடித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் வருபவரை எனலாம்.

சட்டம் தப்பவிடுகிறதா?

1843-ஆம் ஆண்டு ஜனவரியில் லண்டன் தெருவில், டேனியல் மெக்நாட்டன் என்ற மரக்கடைசல் தொழிலாளி எட்வர்ட் டிரம்மண்ட் என்பவரைச் சுட்டார். டிரம்மண்ட் பிரதமர் ராபர்ட் பீலின் செயலாளர். ஆளுங்கட்சியார் தம்மை ஊர் ஊராகத் துரத்துகிறார்கள் என்பது மெக்நாட்டனின் பிறழ்நம்பிக்கை. டிரம்மண்ட் சில நாளில் இறந்தார். சித்தம் கலங்கிய நிலையில் செய்தார் என்று கூறி நீதிமன்றம் மெக்நாட்டனைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. நாடே கொதித்தது. அதன் விளைவாக நீதிபதிகள் வகுத்த விதி இதுதான்: செயலின்போது, தான் செய்வது இன்னதென்றோ அது தவறென்றோ அறிய முடியாத அளவுக்கு ஒருவரின் மனம் நோயுற்றிருந்ததா என்று பார்க்க வேண்டும்.

விடுவிக்கப்பட்ட மெக்நாட்டன் வீடு திரும்பினாரா? இல்லை. மனநோய் விடுதியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் அடைபட்டுக் கிடந்து, 1865-இல் பிராட்மூர் மருத்துவமனையில் மாண்டார்.

இந்தியத் தண்டனைச் சட்டம் 1860-இல் இயற்றப்பட்டபோது 84-ஆம் பிரிவு இவ்விதியை ஒட்டியே அமைந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அதுவே 22-ஆம் பிரிவாக இருக்கிறது. வெறுமனே ஒரு மருத்துவச் சீட்டு இதற்குப் போதாது. மருத்துவ நோக்கில் மனநோய் இருப்பது வேறு; குற்றம் நிகழ்ந்த நேரத்தில் சட்டம் கூறும் அளவுக்கு அறிவு மறைந்திருந்தது என்று காட்டுவது வேறு. அதைக் காட்டும் சுமை குற்றம் சாட்டப்பட்டவர் மீதே உள்ளது. செயலுக்கு முன்னும் பின்னும் அவர் நடந்துகொண்ட விதத்தையும் நீதிமன்றம் பார்க்கும். ஓடி ஒளிந்தாரா, ஆயுதத்தை மறைத்தாரா என்பவை எல்லாம் விசாரிக்கப்படும்.

இன்னொரு கேள்வியும் உண்டு. இப்போது வழக்கைப் புரிந்துகொண்டு தம் தரப்பைச் சொல்லும் நிலையில் அவர் இருக்கிறாரா? இல்லையென்றால் வழக்கு நிறுத்தி வைக்கப்படும். தேறிய பின் தொடரும். மனநோய் காரணமாக விடுவிக்கப்பட்டாலும், அவரைப் பாதுகாப்பில் வைக்கவோ, உறுதிமொழி பெற்று உறவினரிடம் ஒப்படைக்கவோ நீதிமன்றம் ஆணையிடும்.

இந்த ஏற்பாட்டில் வேறொரு ஆபத்து மறைந்திருக்கிறது. தண்டனைக்கு முடிவு தேதி உண்டு, பாதுகாப்புக்கு இல்லை. அஸ்ஸாமில் 1951-இல் கைதான ஒருவர் மனநோய் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். அவர் தேறிவிட்டார் என்று 1967-இல் மருத்துவர்கள் சான்றளித்தனர். ஆனால் வீட்டுக்கு அனுப்பாமல் சிறைக்கு மாற்றினர். விசாரணையே இன்றி, 54 ஆண்டுகள் கழித்து 2005-இல் ஒரு ரூபாய் சொந்த ஜாமீனில் அவர் வெளியே வந்தார்! 'தப்பித்துவிடுவான்' என்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சிகிச்சையின் நான்கு கால்கள்

தமிழ்நாட்டில் இத்தகையோர்க்கு நெடுங்காலமாகப் புகலிடமாக இருந்து வருவது சென்னைக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை. 1794-இல் தொடங்கிய இந்நிறுவனம் 1871 முதல் கீழ்ப்பாக்கத்தில் இயங்குகிறது. நீதிமன்றமும் சிறையும் அனுப்பும் நோயாளிகளுக்கு அங்கே தனிப் பிரிவு உண்டு. ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு சிறையிலாவது மனநலச் சிகிச்சை மையம் இருக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் கூறுகிறது. இத்தகைய இடங்களில் என்ன சிகிச்சை தரப்படுகிறது? ஒலிபெருக்கி உவமையை நினைவில் வைத்துக் கொண்டால் எளிதில் விளங்கும்.

முதலாவது மருந்து. இது பெருக்கியின் ஒலியளவைக் குறைப்பது போன்றது. 1952-இல் பாரிஸ் நகரில் டிலே, டெனிக்கர் என்ற மருத்துவர்கள் குளோர்புரோமசின் என்ற மருந்தைக் கொடுத்துக் கண்ட பலன், சங்கிலிகளையும் கூண்டுகளையும் நம்பியிருந்த மருத்துவத்தைத் திசை திருப்பியது. டோபமினின் பணியைக் கண்டறிந்த ஸ்வீடன் விஞ்ஞானி கார்ல்சன் 2000-இல் நோபல் பரிசு பெற்றார். இன்று பெரும்பாலும் வழங்கப்படும் ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன், ஓலன்சபின் முதலியவை டோபமின் சென்று பற்றும் இடத்தை ஓரளவு அடைத்து வைக்கின்றன. மாத்திரையை மறப்பவர்களுக்கு, சில வாரங்களுக்கு ஒரு முறை போடும் ஊசி உண்டு. மற்ற மருந்துகளுக்கு அடங்காத நோய்க்குக் குளோசபின் பயன்படுகிறது. வெள்ளணுக்கள் குறையக்கூடும் என்பதால் அதற்கு இரத்தப் பரிசோதனை தவறாமல் செய்ய வேண்டும். இம்மருந்துகளால் உடல் எடை கூடுதல், கை நடுக்கம் போன்ற தொல்லைகள் வரலாம். அவற்றை மருத்துவரிடம் சொன்னால் மருந்தையோ அளவையோ மாற்றுவார். தாமாக நிறுத்துவதே ஆபத்து. ஸ்வீடனில் 80,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்டு செய்த ஆய்வு 2014-இல் வந்தது. அதே நபர் மருந்து உட்கொண்ட காலத்தில், உட்கொள்ளாத காலத்தைவிட வன்குற்றங்கள் 45 சதவீதம் குறைந்திருந்தன.

இரண்டாவது பேச்சுச் சிகிச்சை. இது ஒலிவாங்கியைத் தள்ளி வைப்பது போன்றது. 'உன் நம்பிக்கை பொய்' என்று உளவியலார் வாதிடுவதில்லை. வாதிட்டால் அவரும் எதிரிகளின் பட்டியலில் சேர்ந்துவிடுவார். 'அப்படி நினைக்கக் காரணம் என்ன? வேறு விளக்கம் இருக்க முடியுமா? அதை எப்படிச் சோதித்துப் பார்க்கலாம்?' என்று நோயாளியுடன் சேர்ந்து ஆராய்கிறார். மணி விளையாட்டின் மொழியில் சொன்னால், இன்னும் இரண்டு மணிகளை எடுத்துப் பார்க்கப் பழக்குகிறார். குரல் இடும் கட்டளையை மீறினாலும் எதுவும் நேராது என்பதையும் நோயாளி மெல்ல மெல்ல அனுபவத்தில் அறிகிறார்.

மூன்றாவது, குடியையும் கஞ்சாவையும் விட வைப்பது. முன்பு சொன்ன எண்களைப் பார்த்தால் இதன் தேவை விளங்கும். நோய்க்கு மருந்து கொடுத்துவிட்டுக் குடியைக் கவனிக்காமல் விடுவது, ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதற்கு ஒப்பாகும்.

நான்காவது, குடும்பமும் தொழிலும். ஓயாமல் குறை கூறும் அல்லது பகை காட்டும் வீட்டுக்குத் திரும்பும் நோயாளிக்கு நோய் மறுபடி வருவது அதிகம் என்று 1970-களிலேயே ஆங்கில ஆய்வாளர் காட்டினர். எனவே வீட்டாருக்கு நோயைப் பற்றிக் கற்பிப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியாகிவிட்டது. இத்துறையில் தமிழ்நாட்டுக்கு வழிகாட்டியவர் டாக்டர் சாரதா மேனன். 1961-இல் கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் முதல் பெண் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்ற அவர், ஓய்வுக்குப் பின் 1984-இல் சென்னையில் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தை நிறுவினார். தேறியவர்களுக்குத் தொழிலும் மதிப்பும் தந்தால்தான் சிகிச்சை முழுமை பெறும் என்பது அவர் வற்புறுத்திய கருத்து.

தெளிவு வந்த பின்

இதுவரை சொன்னவற்றைவிடக் கடினமான கட்டம் ஒன்று இருக்கிறது. மருந்து வேலை செய்கிறது, குரல் அடங்குகிறது, பிறழ்நம்பிக்கை கரைகிறது. அன்றுதான் நோயாளிக்கு, தாம் யாரைத் தாக்கினோம் என்பது முழுவதும் உறைக்கிறது. அது பெற்ற தாயாக இருக்கலாம். அவரே குற்றவாளி, அவரே தாயை இழந்த மகன். இந்தக் கட்டத்தில் தற்கொலை எண்ணம் தலைதூக்கும் ஆபத்து உண்டு என்பதால் மருத்துவர்கள் கூடுதல் கவனம் செலுத்துகின்றனர். நடந்ததை மறைக்காமல், அதே சமயம் நோய் எது, தாம் எது என்று பிரித்தறிந்து துக்கத்தைத் தாங்க உதவுவதும் சிகிச்சையே.

குடும்பத்தின் நிலையும் இரட்டைத் துயரம்தான். இழந்தவரும் தம்மவர், செய்தவரும் தம்மவர். திண்டுக்கல்லிலிருந்து கீழ்ப்பாக்கம் நானூறு கிலோமீட்டருக்கு மேல். கூலி வேலையை விட்டுவிட்டு அங்கே போய்ப் பார்த்து வருவது எத்தனை பேரால் முடியும்? பார்வையாளர் வராத நோயாளி தேறினாலும் போக இடமின்றித் தங்கிவிடுகிறார். ஆண்டுக்கு இருமுறையாவது ஒரு தபால் அட்டையோ தொலைபேசி அழைப்போ போனால், 'இவருக்கு ஆள் இருக்கிறது' என்பது மருத்துவமனைக்கும் நீதிமன்றத்துக்கும் தெரியும்.

நாம் செய்யக் கூடியது

நோயாளியைக் கோயிலுக்கோ தர்காவுக்கோ அழைத்துச் செல்வது நம் நாட்டு வழக்கம். அதை ஏளனம் செய்ய வேண்டியதில்லை. தமிழ்நாட்டுக் கிராமக் கோயில் ஒன்றில் சில வாரங்கள் தங்கிய 31 நோயாளிகளை ஆராய்ந்து 2002-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. அவர்களுடைய நோய்க்குறிகள் கிட்டத்தட்ட 20 சதவீதம் தணிந்திருந்தன. அமைதியான, ஆதரவான சூழல் தரும் பலன் இது. ஆனால் சங்கிலி எந்த நோயையும் தணித்ததில்லை. 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் ஏர்வாடியில் ஓலைக் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகள் ஓட வழியின்றி 28 பேர் மாண்டனர். நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது. வழிபாடு வேண்டுமாயின் செய்யலாம். அதோடு மருத்துவமும் அதே வாரத்தில் தொடங்க வேண்டும்.

தூக்கம் அற்றுப் போதல், தனியே பேசுதல், உணவில் சந்தேகம், ஒரே ஆளைப் பற்றிய ஓயாத அச்சம், குரல் கட்டளையிடுவதாகக் கூறுதல், ஆயுதத்தை அருகில் வைத்துக் கொள்ளுதல் ஆகியவை தாமதிக்கக் கூடாத அறிகுறிகள். கடைசி மூன்றும் இருந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அதுவரை வாதாட வேண்டாம், சிரிக்க வேண்டாம், சூழ்ந்து நிற்க வேண்டாம். அவர் நம்பும் ஒருவர் மட்டும் தணிந்த குரலில் பேசட்டும். அரிவாள், கடப்பாரை போன்றவற்றை அவர் அறியாமல் அப்புறப்படுத்துங்கள். சிறுவர்களை வேறு வீட்டுக்கு அனுப்புங்கள். நிலைமை கைமீறினால் காவல்துறையை அழைக்கலாம். மனநோயால் தமக்கோ பிறருக்கோ ஆபத்தாக இருப்பவரை லாக்கப்பில் அடைக்காமல், 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வது அவர்களுடைய சட்டக் கடமை.

சிகிச்சைக்கு வெகு தொலைவு போக வேண்டியதில்லை. திண்டுக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறந்து வைக்கப்பட்டது. அறுபது சொச்சம் கிலோமீட்டரில் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே ஆலோசனை பெறலாம்.

நூற்பாலை இளைஞருக்கு மறுபடி வருவோம். "மதினி சோத்துல என்னமோ கலக்குறாங்கம்மா" என்று அவர் சொன்ன அந்த வாரத்திலேயே யாரேனும் அவரைப் பேருந்தில் ஏற்றி மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருந்தால், வெளிநோயாளர் சீட்டு ஒன்றோடும் சில மாத்திரைகளோடும் காரியம் முடிந்திருக்கும். நாளிதழில் பத்து வரிச் செய்தி வந்திருக்காது. மதினியும் அண்ணனும் உயிரோடு இருப்பார்கள்; இளைஞர் மறுபடியும் ஆலைக்கு வேலைக்குப் போய்க் கொண்டிருப்பார்.